வரைபடச் செயலிக்கு எந்தக் கருவித்தொகுப்பு? இருபதாண்டு விவாதம் குறித்த ஒரு மதிப்பீடு

வரைபடத்தை மையமாகக் கொண்ட செயலி ஒன்றைக் கட்ட முனையும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்த எஸ்டிகேயைத் தேர்வது என்பது. எஸ்டிகே எனப்படும் மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுப்பு, வரைபடத்தைத் திரையில் வரைவது, விரலால் நகர்த்துவது, பெரிதாக்குவது, முகவரியைத் தேடுவது, வழி காட்டுவது ஆகிய வேலைகளுக்கான நிரல்களை ஆயத்தமாகத் தருகிறது. வாடகைக் கார் நிறுவனம், வனத்துறை, நோய்ப்பரவலைக் கண்காணிக்கும் சுகாதாரத் துறை, வெள்ளக் காலத்தில் நிவாரண முகாம்களைக் குறிக்கும் தன்னார்வக் குழு என எல்லோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விடை பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

2005 முதல் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டுவந்திருக்கின்றன. அவற்றுள் பல, ஒரு விலையுயர்வையோ உரிம மாற்றத்தையோ சட்டத்தையோ ஒட்டிப் பிறந்தவை அல்லது வலுப்பெற்றவை. ஆகவே அவற்றை வசதிகளின் ஒப்பீட்டுப் பட்டியலாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். முக்கியமான ஐந்து நிலைப்பாடுகளை, அவை தோன்றிய சூழலோடும் அவற்றின் பலவீனங்களோடும் சேர்த்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒரு கேள்விக்குள் மூன்று

வரைபடச் செயலியில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, படத்தைத் திரையில் வரையும் நிரலகம். இரண்டாவது, சாலை, கட்டடம், ஊர்ப்பெயர், எல்லை ஆகியவற்றைக் கொண்ட தரவு. மூன்றாவது, முகவரியை ஆயத்தொலைவாக மாற்றுதல், வழி கணித்தல், வரைபடத் துண்டுகளை வழங்குதல் போன்ற இணையச் சேவைகள். எஸ்டிகே என்ற ஒற்றைச் சொல் இம்மூன்றையும் ஒரே பொருள்போலத் தோன்றவைக்கிறது.

இந்தக் கலப்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளியானது. அதே ஆண்டில் பால் ராடமேக்கர் என்ற நிரலாளர், அதன் உள்நிரலை ஆராய்ந்து, கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தின்மீது பொருத்தி ஹவுசிங்மேப்ஸ் என்ற தளத்தை உருவாக்கினார். அத்தகைய பயன்பாட்டுக்கு அப்போது முறையான வழி இல்லை. ஜூன் மாதத்தில் கூகுள், பிற நிரல்கள் தன் வரைபடத்தை அழைத்துப் பயன்படுத்துவதற்கான அதிகாரபூர்வ இடைமுகத்தை, அதாவது ஏபிஐயை வெளியிட்டபோது நிரலகம், தரவு, சேவை மூன்றும் ஒரே பொதியாக வந்தன. அதற்குப் பின் வந்த நிரலாளர் தலைமுறை பெரும்பாலும் அந்தப் பொதியையே வரைபடம் என்று பழகிக்கொண்டது.

முதல் நிலைப்பாடு: எல்லாம் ஒரே நிறுவனத்திடம்

பொதியை அப்படியே ஏற்பதே முதல் விடை. இதன் தரப்பு வாதம் எளிமையானது. எளிதில் தள்ளிவிடவும் முடியாது. உலகளாவிய தரவு, கடைகளின் வேலை நேரம், போக்குவரத்து நெரிசல், தெருக்காட்சி ஆகியவற்றைச் சிறு குழு ஒன்று தானாகத் திரட்ட இயலாது. சில வரி நிரலிலேயே இயங்கும் வரைபடம் கிடைத்துவிடும். ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும் செயலி எழுதுவோர் மேப்கிட்டை இதே காரணத்துக்காக நாடுகிறார்கள். அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது.

இதன் முதல் பலவீனம் விலையின் நிலையாமை. 2011இல் கூகுள் தன் வரைபட ஏபிஐயின் இலவசப் பயன்பாட்டுக்கு நாளொன்றுக்கு 25,000 ஏற்றங்கள் என்று வரம்பு விதித்தது. 2012இல் ஃபோர்ஸ்கொயர் நிறுவனம் தன் தளத்துக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவையும் மேப்பாக்ஸ் சேவையையும் ஏற்றது இந்த மாற்றத்தின் பின்னணியில்தான். பிறகு கூகுள் விலையைக் குறைத்தது. 2018இல் கூகுள் மேப்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற புதிய ஏற்பாட்டில், இணையதளங்களில் இயங்கும் வரைபடத்துக்கு ஆயிரம் ஏற்றங்களுக்கு 7 டாலர் என்ற அடிப்படை விலையும் மாதம் 200 டாலர் சலுகையும் வந்தன. 2025 மார்ச்சில் அந்தச் சலுகை நீக்கப்பட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு வைக்கப்பட்டது. இந்த மாற்றங்களில் சில பயனருக்குச் சாதகமானவையே. ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் தீட்டும் துறைக்கோ நிறுவனத்துக்கோ, விலை குறைவா கூடுதலா என்பதைவிட அதை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்பது பெரிய கேள்வி.

இரண்டாவது பலவீனம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கூகுள் சேவை தரும் ஆயத்தொலைவுகளைப் பொதுவாக 30 நாள்களுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. இட அடையாள எண்ணை மட்டும் காலவரையின்றி வைத்துக்கொள்ளலாம். அதன் இடத்தரவை வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தின்மேல் காட்டவும் அனுமதி இல்லை. ஆகவே மூன்று அடுக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வேறிடத்தில் பெறும் வழி பெரிதும் அடைபட்டிருக்கிறது. இணைய இணைப்பு இல்லாத மலைப்பகுதியிலோ நடுக்கடலிலோ பயன்படும் செயலிக்குத் தேவையான வரைபடச் சேமிப்பை நிரலாளரின் கட்டுப்பாட்டில் தரும் வசதியும் இந்தப் பாதையில் குறைவு.

மூன்றாவது, கைவிடப்படும் ஆபத்து. யாகூ தன் வரைபட ஏபிஐயை 2011இல் மூடியது. கூகுள் எர்த்தை உலாவியில் இயக்கிய செருகுநிரல் 2017இல் நின்றது. மைக்ரோசாஃப்ட் தன் பிங் மேப்ஸ் பயனர்களை அஸூர் மேப்ஸுக்கு நகரச் சொல்கிறது. பெரிய நிறுவனம் என்பது அதன் ஒவ்வொரு பொருளுக்கும் நீண்ட ஆயுளை உறுதிசெய்வதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: நில அளவையின் மரபு

இணைய நிறுவனங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வரைபட மென்பொருள் இருந்தது. 1969இல் ஜாக், லாரா டேஞ்சர்மண்ட் தம்பதியர் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்ரி நிறுவனம், புவியியல் தகவல் முறைமை என்னும் ஜிஐஎஸ் துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் ஆர்க்ஜிஐஎஸ் வரிசைக் கருவித்தொகுப்புகளை அரசுத் துறைகளும் மின்வாரியங்களும் நகர்த் திட்டமிடுவோரும் பயன்படுத்துகின்றனர். இத்தரப்பின் மையவாதம் துல்லியம் பற்றியது: வரைபடம் வெறும் பின்னணிப் படமன்று, அளக்கவும் பகுப்பாய்வு செய்யவும் திருத்தவும் உரிய ஆவணம்.

இவ்வாதத்தின் வலுவை, உருண்டையான புவியைத் தட்டையான படமாக்கும் வீழல் முறை காட்டுகிறது. கூகுளைத் தொடர்ந்து இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை வெப் மெர்க்கேட்டர் என்ற வீழலை ஏற்றன. அதில் வடக்கே, தெற்கே போகப்போக நிலம் ஊதிப்பெருகும். 60 பாகை அகலாங்கில் நீளம் இரு மடங்காகத் தெரியும். சென்னை ஏறக்குறைய 13 பாகையில் இருப்பதால் இங்கே நீளத்தில் சுமார் 2.6 விழுக்காடும் பரப்பில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் மிகைப்படும். உணவகத்துக்கு வழி காட்ட இது பொருட்டல்ல. நில இழப்பீட்டுக்குப் பரப்பு கணிக்கும் செயலி திரையின் ஆயத்தொலைவுகளை அப்படியே பெருக்கினால், அந்த 5 விழுக்காடு ஒரு விவசாயியின் பணம்.

பழைய தரவும் இதே சிக்கலைக் கொண்டுவருகிறது. 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிவைத்த பணியிலிருந்து வளர்ந்த இந்திய நில அளவை, புவியின் வடிவத்துக்கான கணித மாதிரிகளுள் ஒன்றான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டது. இலங்கையின் தேசிய ஆயக்கட்டமும் அதே நீள்கோளத்தின் மரபில் வருகிறது. ஜிபிஎஸ் பயன்படுத்துவதோ வேறு நீள்கோளத்தை. பழைய வரைபடத்தை உரிய மாற்றமின்றி இன்றைய வரைபடத்தின்மேல் வைத்தால் எல்லைகள் இடம்பெயர்ந்து நிற்கும். ஜிஐஎஸ் மரபில் வந்த கருவிகள் இம்மாற்றங்களை இயல்பாகவே கையாளுகின்றன.

எனினும் இத்தரப்புக்கும் குறைகள் உண்டு. உரிமக் கட்டணம் சிறு குழுக்களுக்கு எட்டாதது, கற்க நாளாகும், பொதுமக்களுக்கான இலகுவான கைப்பேசிச் செயலிக்கு இதன் எடை அதிகம். நிறுவன ஆதரவு நிலையானது என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. எஸ்ரி ஃபிளெக்ஸ், சில்வர்லைட் ஆகிய அடித்தளங்களுக்காக வெளியிட்ட நிரலகங்களை 2016இல் ஓய்வுபெறச் செய்தது; அவற்றின்மேல் கட்டியவர்கள் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

மூன்றாம் நிலைப்பாடு: திறமூலப் பாதை

மூன்று அடுக்குகளையும் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டற்ற மென்பொருளாலும் தரவாலும் நிரப்பலாம் என்பது மூன்றாம் விடை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான மேப்சர்வர் இதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கியதால் தரவு அடுக்குக்கு மாற்று பிறந்தது. 2006இல் ஓப்பன்லேயர்ஸும், 2011இல் உக்ரைன் நிரலாளர் விளாடிமிர் அகாஃபோன்கின் எழுதிய லீஃப்லெட்டும் திரை அடுக்கை நிரப்பின. சிறிய அளவுக்கும் தெளிவான அமைப்புக்கும் லீஃப்லெட் பெயர்பெற்றது. பல்வகை வீழல்களையும் தரவு வடிவங்களையும் ஆளும் திறனுக்கு ஓப்பன்லேயர்ஸ். திறமூல உலகுக்குள்ளேயே இந்த இரு நோக்கங்களும் போட்டியிட்டுக்கொண்டிருக்கின்றன.

இத்தரப்பின் மிக வலுவான சான்று 2020 டிசம்பரில் கிடைத்தது. மேப்பாக்ஸ் நிறுவனம் தன் இணைய வரைபட நிரலகமான மேப்பாக்ஸ் ஜிஎல் ஜேஎஸ்ஸின் இரண்டாம் பதிப்பைத் திறமூல உரிமத்திலிருந்து விலக்கியது. முதற்பதிப்பின் உரிமம் தாராளமானது என்பதால், பயனர் சமூகம் அதிலிருந்து மேப்லிப்ரே என்ற கிளையை உடனே தொடங்கியது. பின்னர் அமேசானின் இடச்சேவை உட்படப் பெரிய நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தலாயின. உரிமையாளர் திசை மாறினாலும் பயனர் நடுத்தெருவில் நிற்கவில்லை.

ஆனால் இந்தச் சான்று காட்டும் பாதுகாப்பு திரை அடுக்குக்கே முழுமையாகப் பொருந்தும். சேவை அடுக்கில் கதை வேறு. திறமூல வரைபடச் சேவைகளை வழங்கிய மேப்ஸன் 2018 ஜனவரித் தொடக்கத்தில் மூடலை அறிவித்து, பிப்ரவரி முதல் நாளில் நின்றது. முகவரி தேடும் பெலியாஸ், வழி கணிக்கும் வல்ஹல்லா ஆகிய அதன் நிரல்கள் திறமூலமாக இருந்ததால் இன்றும் வாழ்கின்றன. அவற்றை இயக்கிய சர்வர்களோ போய்விட்டன. நம்பியிருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நிரல் கட்டற்றது என்பதாலேயே அதை இயக்கும் செலவு இல்லாமல் போவதில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வர்களும் வணிகச் செயலிகளின் சுமையைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. அதன் நாமினாட்டிம் தேடல் சேவையில் நொடிக்கு ஒரு கேள்விதான் உச்சவரம்பு. தானே சர்வர் நடத்த முன்வருவோர் அளவைக் கணக்கிட வேண்டும்: ஒவ்வொரு பெரிதாக்க நிலையிலும் துண்டுகள் நான்கு மடங்காகும் என்பதால், உலகத்தின் 14ஆம் நிலைக்கு மட்டும் 26 கோடியே 84 லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள் வரும். படத்துக்குப் பதில் வரைவதற்கான தரவையே அனுப்பும் வெக்டர் டைல் முறையும், எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்பில் அடைக்கும் பிஎம்டைல்ஸ் வடிவமும் இச்சுமையை வெகுவாகக் குறைத்துள்ளன. திறமூலப் பாதையின் பழைய ஆட்சேபங்களுள் சில இப்போது வலுவிழந்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எஞ்சும் பலவீனம் தரவின் சீரின்மை. தன்னார்வலர்கள் அதிகமுள்ள நகரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வணிக வரைபடத்தை விஞ்சக்கூடும். ஆள் இல்லாத வட்டாரத்தில் முதன்மைச் சாலைக்கு அப்பால் வெறுமையாக இருக்கக்கூடும். 2012இல் ஏற்கப்பட்ட அதன் ஓடிபிஎல் உரிமம், அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் பகிரக் கோருகிறது. பொதுநலத் திட்டங்களுக்கு இது பலம். தரவை மூடிவைக்க விரும்பும் வணிகத்துக்குத் தயக்கம் தரும் நிபந்தனை.

நான்காம் நிலைப்பாடு: நாட்டின் சட்டமே முதல்

வரைபடம் அரசுகள் காவல்காக்கும் பொருள். எனவே அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு இசைந்த கருவியே சரியான தேர்வு என்று நான்காம் தரப்பு வாதிடுகிறது. சீனாவில் ஜிசிஜே-02 என்ற ஆயமுறை கட்டாயம்; அதற்கு மாற்றாத ஜிபிஎஸ் புள்ளி வரைபடத்தில் சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஆகவே அங்கே உள்நாட்டுக் கருவித்தொகுப்புகளே நடைமுறைத் தேர்வு. தென்கொரியா விரிவான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல கூகுள் கேட்ட அனுமதியை 2016இல் மறுத்தது. நேவர், ககாவோ என்ற உள்நாட்டு வரைபடங்கள் அங்கே வேரூன்றியதற்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவு குறித்து அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் முன் அனுமதி முறையைப் பெருமளவு நீக்கின. கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுட்பமான தரவை உருவாக்கும், வைத்திருக்கும் உரிமை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே என்றும் வகுத்தன. 1995இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா போன்ற உள்நாட்டு நிறுவனங்களுக்கு இது வாய்ப்பானது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் அரசுத் தரவை வரைபடமாகத் தருகிறது. 2024 ஜூலையில் வாடகைக் கார் நிறுவனமான ஓலா கூகுள் மேப்ஸைவிட்டுத் தன் சொந்த வரைபடத்துக்கு மாறியதாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்தியாவுக்கான கூகுளின் குறைந்த விலைகள் நடைமுறைக்கு வந்தன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல இயலாது. போட்டி இருக்கும் சந்தையில் நிரலாளரின் பேரம் பேசும் நிலை மேம்படுகிறது என்பதை மட்டும் இதிலிருந்து கொள்ளலாம்.

எல்லைக்கோடு இத்தரப்பின் கூர்மையான வாதம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு ஒவ்வாத எல்லையோடு இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1990இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பொதுவாகக் களத்தில் நிலவும் கட்டுப்பாட்டை ஒட்டி எல்லை வரைகிறது. அதை அப்படியே எடுத்தாளும் இந்தியச் செயலி சட்டச் சிக்கலைச் சந்திக்கக்கூடும். பல நாடுகளில் இயங்கும் செயலி நாட்டுக்கொரு கோட்டைக் காட்ட வேண்டிவரும்.

இத்தரப்பின் பலவீனம், சட்டத்துக்கு இசைவதையும் தரத்தையும் ஒன்றாகக் கருதிவிடுவது. உள்நாட்டு நிறுவனத்தின் விலைப்பட்டியலும் மாறலாம். அதன் ஒப்பந்தமும் சேமிப்பைத் தடுக்கலாம். தேசிய நிறுவனம் என்பது பூட்டப்பட்டுவிடும் ஆபத்துக்கு மருந்தல்ல.

ஐந்தாம் நிலைப்பாடு: இடையில் ஒரு சுவர்

எதையும் நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம், செயலிக்கும் எஸ்டிகேக்கும் நடுவே தன் சொந்த இடைமுகம் ஒன்றை எழுதிவிட்டால் தேவைப்படும்போது கருவியை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஐந்தாம் விடை. மென்பொருள் பொறியியலின் பொதுவான விவேகத்திலிருந்து வந்த வாதம் இது. முந்தைய விலையுயர்வுகளும் மூடல்களும் இதற்கு வலுவூட்டின.

திரை அடுக்கைப் பொறுத்தவரை இது ஓரளவு பலிக்கிறது: குறியிடல், நகர்த்தல், பெரிதாக்கல் எல்லாக் கருவிகளிலும் உண்டு. ஆனால் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கருவியின் சிறப்பையும் இழக்க நேரும். 3டி காட்சிக்காக சீசியத்தைத் தேர்ந்தவர், அதன் தனித்திறனைப் பொது இடைமுகத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டால் அதைத் தேர்ந்ததற்கே பொருளில்லை. மேலும், பூட்டு பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை. ஒரு சேவையின் இட அடையாள எண்கள் லட்சக்கணக்கில் தரவுத்தளத்தில் குவிந்தபின், அவற்றை இன்னொரு சேவைக்கு மாற்ற எந்த இடைமுகமும் உதவாது.

தமிழ் எழுத்து என்னும் உரைகல்

ஒப்பீடுகளில் அரிதாகவே இடம்பெறும் ஓர் அளவுகோல் தமிழ்ச் செயலிகளுக்கு முதன்மையானது: ஊர்ப்பெயர் சரியாகத் தெரிகிறதா? கொழும்பு, செங்கல்பட்டு போன்ற பெயர்களில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னும் இருபுறமும் வரும். கணினியில் அக்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் இடம் மாற்றிக் கோப்பதற்குத் தனி எழுத்தமைப்பு நிரல் வேண்டும். மேப்பாக்ஸ், மேப்லிப்ரே மரபின் வெக்டர் முறை நீண்டகாலமாக ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வடிவத்தை எடுத்து வரிசையாக அடுக்கிவந்தது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலும் தேவநாகரியிலும் பெயர்கள் சிதையும். அரபு, எபிரேய எழுத்துகளுக்குத் தனிச் செருகுநிரல் வந்தது. தெற்காசிய எழுத்துகளுக்குத் தீர்வு தாமதப்பட்டது. சரிசெய்யும் முயற்சிகள் நடந்துவருகின்றன.

லீஃப்லெட்டோடு பழைய படத்துண்டு முறையைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. பெயர்கள் சர்வரிலேயே உரிய எழுத்தமைப்போடு வரையப்பட்டுப் படமாக வந்துவிடுகின்றன. கூகுளின் வரைபடத்திலும் தமிழ்ப் பெயர்களைப் பெறலாம். ஆக, புதிய தொழில்நுட்பம் எப்போதும் மேலானது என்ற பொது அனுமானம் இங்கே செல்லாது. ஐந்து நிலைப்பாடுகளும் பெரும்பாலும் லத்தீன் எழுத்துலகில் உருவாகி விவாதிக்கப்பட்டவை. மொழி என்ற அளவுகோலை அவற்றில் சேர்ப்பது நம் பொறுப்பு.

மதிப்பீடு

இருபதாண்டு அனுபவத்திலிருந்து ஓரளவு உறுதியாகக் கூறத்தக்கது ஒன்று உண்டு. மூன்று அடுக்குகளுள் திரை அடுக்கே இன்று எளிதில் மாற்றத்தக்கது. தரவும் சேவையும் மாற்றக் கடினமானவை. நடைமுறையிலோ தேர்வு எதிர்வரிசையில் நடக்கிறது: அழகான செயல்விளக்கத்தைக் கண்டு நிரலகம் முதலில் முடிவாகிறது; தரவின் உரிமம், சேமிக்கும் உரிமை, எல்லைச் சட்டம் ஆகியவை பிறகு தெரியவருகின்றன. இவ்வரிசையைத் திருப்புவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எந்தத் தரவு, யாருடையது, எங்கே சேமிக்கலாம், எந்த மொழியில் காட்ட வேண்டும் என்பவை முதலில், எந்தச் சேவையை யார் நடத்துவது என்பது அடுத்து, எஸ்டிகே கடைசியில்.

இந்த வரிசையில் பார்த்தால் ஐந்து நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பவையாக அல்லாமல், வெவ்வேறு பணிகளுக்குரிய விடைகளாகத் தெரிகின்றன. விரைவாகச் சந்தைக்கு வர வேண்டிய, அன்றாடம் மாறும் கடைத்தரவை நம்பிய செயலிக்கு ஒற்றை நிறுவனப் பொதி நியாயமான தேர்வு. நிலம் அளக்கும் பணிக்கு ஜிஐஎஸ் மரபு. நீண்டகாலம் வாழ வேண்டிய, குறைந்த நிதியுள்ள பொதுநலத் திட்டத்துக்குத் திறமூலம், சர்வர் பராமரிப்புக்கு ஆள் உண்டு என்ற நிபந்தனையோடு.

தீராத கேள்விகளும் உள்ளன. திறமூலச் சேவைகளை நீடித்து நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? 2022இல் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நிறுவனங்கள் தொடங்கிய ஓவர்ச்சர் அமைப்பு, இடங்களுக்குப் பொதுவான அடையாள எண்களைத் தர முயல்கிறது. அது வெற்றிபெற்றால் சேவைகளுக்கிடையே மாறுவது எளிதாகலாம். ஆனால் தன்னார்வலர்களின் உழைப்பும் பெருநிறுவனங்களின் தேவையும் எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பது இனிமேல்தான் தெளிவாகும். நாடுகளின் தரவுச் சட்டங்கள் இறுகுமா தளருமா என்பதைக் கணிக்க இயலாது. தமிழ் எழுத்துச் சிக்கல் மட்டும் நிரலாளர் சமூகம் முனைந்தால் தீர்க்கத்தக்கது. அதைத் தீர்க்கும் திறன் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் நிறையவே இருக்கிறது. திறமூல நிரலகங்கள் அதற்கு வழியையும் திறந்தே வைத்திருக்கின்றன.